பழைய ஜீப்பின் எண்களைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜீப்பை விற்க வருபவர் எவரும் அதைப் "பட்டாளத்து வண்டி" என்றுதான் சொல்வார். பாதி நேரம் அவரே அதை நம்பவும் செய்வார். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பெருமளவில் தயாரான ஜீப் இரண்டு வகை. ஒன்று, ஒஹாயோ மாநிலம் டோலிடோ நகரில் வில்லிஸ்-ஓவர்லேண்ட் நிறுவனம் செய்த எம்பி. மற்றொன்று, அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ. 1941 இறுதியிலிருந்து 1945 வரை இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல். போர் முடிந்ததும் இங்கே தங்கிவிட்ட வண்டிகள் ஏலத்தில் கைமாறி, தோட்டங்களிலும் மலைச்சாலைகளிலும் பட்டறைகளிலும் எண்பது ஆண்டுகள் அடிபட்டு, ஒன்றின் உறுப்பு ஒன்றில் ஏறி, இப்போது உங்கள் முன்னால் நிற்கின்றன. அதில் எது எந்த வண்டியினுடையது என்று பிரித்தறிய அடித்த எண்களும் வார்த்த எண்களும்தான் துணை. (எம்பி என்றதும் நாடாளுமன்ற உறுப்பினர் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தவறல்ல. இந்தப் பக்கத்தில் எம்பி என்றால் ஜீப் மட்டும்தான்.)

எஞ்சின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு உடலில், நாலைந்து இடங்களில் எண்கள் இருக்கின்றன. இவற்றில் எது எஞ்சின் எண்?

விரலால் தடவிப் பாருங்கள். எண் மேலெழும்பி நின்றால் அது வார்ப்பு எண். அச்சில் இரும்பை ஊற்றும்போதே உருவானது. அதே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளிலும் அதே எண்தான் இருக்கும். எண் உள்ளே குழிந்திருந்தால் அது பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்தது. அந்த ஒரு எஞ்சினுக்கு மட்டும் உரியது.

இந்த ஒரு வேறுபாட்டைத் தவறவிட்டுத்தான் பெரும்பாலான குழப்பங்கள் நேர்கின்றன. ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் எண்ணாக 638632 என்று எழுதியிருந்தால், முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் வார்ப்பு எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார் என்று பொருள். அது போர்க்கால ஜீப்பின் பிளாக் வார்ப்பு எண். அந்த எண்ணுள்ள பிளாக்குகள் உலகெங்கும் கிடக்கின்றன.

எஞ்சின் எண்ணைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையே?

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு இடம் வலம் பாருங்கள். எம்பி, ஜிபிடபிள்யூ இரண்டிலும் எஞ்சின் எண் பிளாக்கின் வலப்புறம், முன் மேல் மூலையில், கடைந்து சமன் செய்த ஒரு சிறு மேடையில் இருக்கிறது. அதற்கு நேர் முன்னால் ஆயில் ஃபில்டர் டப்பா மறைத்துக்கொண்டு நிற்கும். எண்பது ஆண்டுச் சேறும் ஆயிலும் பெயிண்டும் அதன்மேல் படிந்திருக்கும். ஒரு டார்ச்சும் சிறு கண்ணாடியும் போதும். ஃபில்டரைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் கழற்றினால் வேலை சுலபம்.

அங்கே ஒன்றுமே இல்லையென்றால் எஞ்சினின் முன்முகத்துக்கு வாருங்கள். போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த சிஜே வகை ஜீப்புகளில் வாட்டர் பம்ப் பொருந்தும் இடத்துப் புடைப்பின் மேல் எண் அடிக்கப்பட்டிருக்கும். எண் இருக்கும் இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இந்த எண் பிளாக்கின் பக்கவாட்டிலோ முன்னாலோ இருப்பது நமக்கு ஒரு நல்வாய்ப்பு. செவ்ரோலே வி-8 எஞ்சின்களில் ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) உட்காரும் தளத்தின் முன் நீட்சியில்தான் எண் அடித்திருப்பார்கள். ஒருமுறை அந்தத் தளத்தைக் கடைந்து மட்டம் எடுத்தால் எண்ணும் சீவலோடு போய்விடும். ஜீப் பிளாக்கை எத்தனை முறை மட்டம் எடுத்தாலும் எண்ணுக்கு ஆபத்தில்லை.

எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் எதைக் காட்டுகின்றன?

எஞ்சின் முதன்முதலில் எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பதை. எம்பி என்றால் வில்லிஸ் போர்க்கால ஜீப். ஜிபிடபிள்யூ என்றால் ஃபோர்டு. வெறும் ஜே என்று தொடங்கினால் 1945 முதல் 1949 வரை வந்த சிஜே-2ஏ, அதாவது பொதுமக்களுக்கு விற்ற முதல் ஜீப். 3ஜே என்றால் அடுத்து வந்த சிஜே-3ஏ. 4ஜே என்றால் சிஜே-3பி அல்லது சிஜே-5. எம்சி என்றால் 1950 முதல் இராணுவத்துக்குச் செய்த எம்38, எம்டி என்றால் அதற்கடுத்த எம்38ஏ1.

ஜிபிடபிள்யூ என்ற பெயரே ஒரு குறியீடுதான். ஜி என்பது அரசு ஒப்பந்தம், பி என்பது 80 அங்குல சக்கர இடைவெளி, டபிள்யூ என்பது வில்லிஸ் வடிவமைப்பு. ஃபோர்டு தன் சொந்த வடிவத்தில் ஜிபி என்று ஒன்றை 1941-இல் செய்து பார்த்தது. அதில் இருந்தது தன்னுடைய 9என் டிராக்டர் எஞ்சினின் மாற்று வடிவம். இராணுவம் வில்லிஸின் 2,199 சிசி, 60 குதிரைத்திறன் எஞ்சினை விரும்பியதால், போட்டியாளரின் எஞ்சினையே ஃபோர்டு தன் தொழிற்சாலையில் செய்ய நேர்ந்தது. அந்த டபிள்யூ அதன் அடையாளம்.

எஞ்சின் எண்ணுக்குப் பின்னால் தனியாக 'ஏ' என்றும் 'பி' என்றும் எழுத்து இருக்கிறது. இது என்ன வரிசை?

வரிசை இல்லை. பட்டறைக்காரருக்குத் தொழிற்சாலை விட்டுச் சென்ற கடிதம் என்று சொல்லலாம். எல்லா எஞ்சினும் சரியான அளவோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதில்லை. சில தொடக்கத்திலேயே அளவு மாற்றிக் கடையப்பட்டவை. அவற்றை வில்லிஸ் இப்படிக் குறித்தது: 'ஏ' என்றால் மெயின் பேரிங் (கிராங்க் தண்டைத் தாங்குவது), கனெக்டிங் ராடு பேரிங் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டினுடையது) இரண்டும் 0.010 அங்குலம் குறைந்த அளவு. 'பி' என்றால் பிஸ்டன்கள் 0.010 அங்குலம் கூடுதல் அளவு. 'ஏபி' என்றால் இரண்டும். 'சி' என்றால் பிஸ்டன் பின் 0.002 அங்குலம் மாறுபட்டது. 'ஏ' சொல்லும் அதே குறைந்த அளவு மெயின் பேரிங்குக்கு மட்டும் என்றால் 'டி', கனெக்டிங் ராடு பேரிங்குக்கு மட்டும் என்றால் 'இ'.

எழுத்தை நம்பி உதிரி பாகம் வாங்கிவிடாதீர்கள். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அது உண்மை. அதன்பிறகு எத்தனை லேத் பட்டறைகளைப் பார்த்திருக்கிறதோ! மைக்ரோமீட்டர் சொல்வதுதான் இன்றைய அளவு. ஆனால் எழுத்துக்கு வேறொரு பயன் உண்டு. போலியாக எண் அடிப்பவர்கள் இந்தப் பின்னெழுத்தைப் பற்றி நினைப்பதே இல்லை. எண்ணோடு அதே எழுத்து வடிவில் ஒரு 'பி' உட்கார்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

சேஸிஸ் எண் எங்கே?

ஃபோர்டும் வில்லிஸும் தெளிவாகப் பிரியும் இடம் இது. (சேஸிஸ் என்பது வண்டியின் இரும்பு அடிச்சட்டம். கீழே வண்டியின் சட்டம் என்று வருவதெல்லாம் இதுதான்.)

ஃபோர்டு சேஸிஸில் இடப்புற நீளச் சட்டத்தின் மேல்முகத்தில், முன்பகுதியில், இரும்பிலேயே எண்ணை அடித்தது. துருவும் பெயிண்டும் எத்தனை அடுக்கு ஏறினாலும் சுரண்டினால் கிடைக்கும். வில்லிஸ் சேஸிஸில் எண்ணை அடிக்கவில்லை. எண் பொறித்த சிறு தகட்டை இடப்புறச் சட்டத்தின் உட்பக்கத்தில், பம்பருக்கு அருகே, ரிவிட் அடித்துப் பொருத்தியது. தகடு துருப்பிடித்து விழுந்தாலோ, விபத்துக்குப் பிறகு வெல்டிங் வைத்தவர் கழற்றிப் போட்டாலோ வண்டிக்கு அடையாளமே இல்லை. அதனால்தான் இங்குள்ள எம்பி சட்டங்கள் பலவற்றில் பிற்காலத்தில் உள்ளூரில் பஞ்ச் அடித்த எண்ணைப் பார்க்கிறோம். அது குற்றத்தின் தடயம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அதை டோலிடோவில் அடித்த எண் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

எண்ணே இல்லாவிட்டாலும் சட்டம் யாருடையது என்று சொல்லிவிட முடியும். ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த பள்ளம் போல மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. தரையில் படுக்கக்கூடத் தேவையில்லை, குனிந்தால் தெரியும்.

இன்னொரு எளிய சோதனை: எம்பி சேஸிஸ் எண்கள் 100001-இல் தொடங்கின. ஆகவே ஐந்து இலக்க எண்ணை எம்பி சேஸிஸ் எண் என்று காட்டினால் அது தவறு. சிஜே-2ஏ வரிசை 10001-இல் தொடங்கியது. ஐந்து இலக்க எண் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

என் வண்டியில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வேறுவேறாக இருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா?

வண்டி ஃபோர்டா, வில்லிஸா என்பதைப் பொறுத்தது. ஃபோர்டு வழக்கப்படி எஞ்சினுக்கு அடித்த எண்ணையே, அந்த எஞ்சின் ஏறும் சட்டத்திலும் அடித்தார்கள். ஆகவே ஜிபிடபிள்யூ தொழிற்சாலையை விட்டு வந்தபோது இரண்டும் ஒன்று. இன்றும் ஒன்றாகவே இருந்தால் அது அபூர்வம். எண்பது ஆண்டு எஞ்சினை மாற்றாமல் காத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

வில்லிஸில் எஞ்சின் வரிசை வேறு, சேஸிஸ் வரிசை வேறு. இரண்டும் தொடக்கத்திலிருந்தே பொருந்தாது. எம்பி ஒன்றில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். "இரண்டு நம்பரும் ஒன்று, அசல் வண்டி" என்று பெருமையோடு காட்டப்பட்ட ஒரு எம்பியை ஒருமுறை பார்த்தேன். யாரோ அக்கறையோடு உட்கார்ந்து அடித்திருந்தார்கள். ஃபோர்டு விதியை வில்லிஸுக்குப் பயன்படுத்திய அக்கறை.

டாஷ்போர்டில் தகடு இருக்கிறது, டெலிவரி தேதி 1942 என்று அதிலேயே அடித்திருக்கிறதே. இதைவிட என்ன சான்று வேண்டும்?

தகடு நான்கு திருகாணியில் நிற்கிறது. நான்கு திருகாணியைக் கழற்றினால் வண்டி பத்து நிமிடத்தில் ஐந்து வயது மூத்ததாகிவிடும். போர்க்காலத் தகடுகளைப் புதிதாக அச்சடித்து விற்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, அழிந்துபோன தகட்டுக்குப் பதிலாக ஒன்று வைப்பது புதுப்பிப்பின் ஒரு பகுதி. ஆனால் வெற்றுத் தகட்டில் தேதியைப் பஞ்ச் அடிப்பது வாங்கியவரின் மனசாட்சியைப் பொறுத்தது.

நானும் இதில் பாடம் படித்தவன்தான். முதல் ஜீப்பை வாங்கியபோது தகட்டைப் படித்துவிட்டு முன்பணம் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் தேடினேன், எண் இல்லை. வாட்டர் பம்புக்கு மேலே சுரண்டினேன், ஜே என்ற எழுத்து சிரித்தது. போருக்குப் பிந்தைய எஞ்சின். சட்டத்தின் முன் குழாய் உருண்டையாக இருந்ததால் அடிப்பகுதியாவது எம்பி என்று தேற்றிக்கொண்டேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. அவரும் தகட்டைத்தான் படித்திருந்தார்.

போல்ட்டுகளில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறது. அப்படியானால் வண்டி ஃபோர்டுதானே?

அந்த போல்ட் ஃபோர்டு. வண்டியைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது.

ஃபோர்டு தன் உறுப்புகளில் தன் பெயரின் முதலெழுத்தைச் சாய்வெழுத்தாகப் போடுவதில் விடாப்பிடியாக இருந்தது. பிராக்கெட், கொக்கி, பெடல், போல்ட்டின் தலை என்று எங்கும் அந்த எழுத்து. ஆனால் இராணுவம் இரண்டு நிறுவனங்களிடம் ஒரே ஜீப்பை வாங்கியதன் நோக்கமே, எந்த வண்டியின் உறுப்பும் எந்த வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதுதான். படைப் பட்டறையில் கைக்கு எது கிடைத்ததோ அதை மாட்டினார்கள். ஆகவே எம்பி ஒன்றில் நாற்பது ஃபோர்டு போல்ட் இருப்பது வியப்பில்லை. எடை போட வேண்டியது கழற்றி மாட்ட முடியாதவற்றை: சட்டத்தில் ரிவிட் அடித்த தாங்கிகள், உடற்பகுதியில் வெல்டிங் வைத்த பிராக்கெட்டுகள்.

உடற்பகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. வில்லிஸுக்கு உடற்கூடு செய்து கொடுத்த அமெரிக்கன் சென்ட்ரல் நிறுவனம் 1944 தொடக்கத்திலிருந்து இரண்டு வண்டிகளுக்கும் பொதுவான கலப்புக் கூட்டைச் செய்யத் தொடங்கியது. அதில் ஃபோர்டு அம்சங்களும் வில்லிஸ் அம்சங்களும் சேர்ந்தே இருக்கும். பிற்கால ஜீப்பில் கூட்டை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

காயலான் கடையில் 'ஜிபிடபிள்யூ-6303' என்று எண் போட்ட ஓர் இரும்பு கிடைத்தது. இதை எப்படிப் படிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஃபோர்டின் பாக எண் முறை அவ்வளவு அழகானது. முன்னால் இருக்கும் எழுத்துகள் அந்த உறுப்பு முதலில் எந்த வண்டிக்காக வரையப்பட்டது என்பதைச் சொல்லும். பின்னால் வரும் எண் அது என்ன உறுப்பு என்பதைச் சொல்லும். அந்த எண் வண்டிக்கு வண்டி மாறாது. 6303 என்றால் கிராங்க்ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. 1928-இல் வந்த மாடல் ஏ காரிலும் கிராங்க் 6303 தான், பல பத்தாண்டுகளுக்குப் பிந்தைய ஃபோர்டிலும் 6303 தான்.

எண்ணின் தொடக்கமே பிரிவைக் காட்டும். ஆயிரத்தில் தொடங்குபவை சக்கரம், இரண்டாயிரம் பிரேக், மூவாயிரம் முன் ஆக்சிலும் ஸ்டீயரிங்கும், நாலாயிரம் பின் ஆக்சில், ஐயாயிரம் சட்டமும் வில்லும் சைலன்ஸரும், ஆறாயிரம் எஞ்சின், ஏழாயிரம் கியர்பாக்ஸ், எட்டாயிரம் ரேடியேட்டர் சார்ந்தவை, ஒன்பதாயிரம் பெட்ரோல் சார்ந்தவை, பத்தாயிரம் டைனமோ, பதினோராயிரம் ஸ்டார்ட்டர், பன்னிரண்டாயிரம் இக்னிஷன், பதின்மூவாயிரம் விளக்கு. 6200 கனெக்டிங் ராடு, 6250 கேம்ஷாஃப்ட், 8005 ரேடியேட்டர், 9510 கார்புரேட்டர். இந்தப் பட்டியல் மனத்தில் இருந்தால் இரும்புக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டே, துருவில் பாதி தெரியும் எண்ணிலிருந்து கையிலிருப்பது எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். கடைக்காரர் உங்களை மந்திரவாதி என்று நினைப்பார். விலையையும் ஏற்றிவிடுவார் என்பதால் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

முன்னெழுத்து 'ஜிபி' என்று மட்டும் இருந்தாலும் அது போலி அல்ல. ஃபோர்டின் முந்தைய ஜிபி வண்டிக்கு வரைந்த உறுப்பை அப்படியே ஜிபிடபிள்யூவிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

வில்லிஸ் எண்களில் இந்த அழகு கிடையாது. அவை வரிசை எண்கள். 'ஏ' என்ற எழுத்தோடு தொடங்கினால் பல உறுப்புகள் சேர்த்துப் பூட்டிய தொகுதி என்பதற்கு மேல் எண் எதுவும் சொல்லாது, பட்டியலைத்தான் புரட்ட வேண்டும். இராணுவப் பொருள் பட்டியலில் வில்லிஸ் எண்ணுக்கு முன்னால் 'டபிள்யூஓ' என்றும் ஃபோர்டு எண்ணுக்கு முன்னால் 'எஃப்எம்' என்றும் சேர்த்தார்கள். பழைய உதிரி பாகப் பொட்டலத்தின்மேல் 'ஜி503' என்று இருந்தால் மகிழலாம், இந்த ஜீப்புக்கு இராணுவம் வைத்த பட்டியல் எண் அதுதான்.

பிளாக் எண்ணைத் தவிர, எஞ்சின் போர்க்காலத்ததா அதற்குப் பிந்தியதா என்று பார்க்க வழி உண்டா?

வார்ப்பு எண்ணைப் பாருங்கள். 638632 போர்க்காலம். 641087 பிந்தையது. இது வெறும் காலக்கணக்கு இல்லை, பணம் சம்பந்தப்பட்டது. போர்க்கால எஞ்சினில் கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) ஓட்டுவது டைமிங் செயின். சிஜே-2ஏ காலத்தின் நடுவே அதை மாற்றிப் பற்சக்கரம் வைத்தார்கள். செயின் இருந்தால் கேம் கிராங்கோடு ஒரே திசையில் சுற்றும், இரண்டு பற்சக்கரம் கோத்தால் எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே கேம்ஷாஃப்டையும் ஆயில் பம்பையும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். செயின் எஞ்சினுக்குரிய பம்பைப் பற்சக்கர எஞ்சினில் போடக் கூடாது. "ஜீப் பம்ப் தானே" என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், நீங்கள் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கியர்பாக்ஸ், ஆக்சில்?

போர்க்கால ஜீப்பில் இருப்பது வார்னர் டி-84, சிஜேயில் டி-90. பெயர் வார்ப்பிலேயே இருக்கும். ஆக்சிலின் நடுவே பற்சக்கரங்கள் இருக்கும் டிஃபரென்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் சிறு தகடு மாட்டியிருப்பார்கள், அதில் பல் எண்ணிக்கை அடித்திருக்கும். 39-உம் 8-உம் என்றால் விகிதம் 4.88, போர்க்கால ஜீப். 43-உம் 8-உம் என்றால் 5.38, சிஜே. தகடு காணாமல் போயிருந்தால் மூடியைத் திறந்து பல்லை எண்ணுங்கள். முன் ஆக்சில் ஒரு விகிதமும் பின் ஆக்சில் வேறொரு விகிதமுமாகச் சேர்ந்துபோன வண்டியில் நான்கு சக்கரத்தையும் ஓட்டும் கியரைப் போட்டால் ஏதாவது ஒன்று உடையும்.

எண்ணை யாரோ அழித்துவிட்டு மாற்றி அடித்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணைப் பார்ப்பதற்கு முன் எண் இருக்கும் தளத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் கடைந்த தளத்தில் மெல்லிய இணைகோடுகள் ஒரே சீராக ஓடும். கையில் கிரைண்டர் பிடித்து அழித்திருந்தால் கோடுகள் வளைந்தோ சுழன்றோ இருக்கும், தளம் நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். ஒரு நேரான ஸ்டீல் ரூலரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழிவு காட்டிக்கொடுத்துவிடும். சுற்றியிருக்கும் வார்ப்புத் தோல் கரடுமுரடாக இருக்க, எண் இருக்கும் இடம் மட்டும் பளபளவென்றிருந்தாலும் யோசியுங்கள்.

பிறகு எண்ணின் வடிவம். கையால் ஒவ்வொன்றாக அடித்த எண் ஏறி இறங்கி இருப்பது இயல்பு, தொழிற்சாலையிலும் மனிதக் கைதான் அடித்தது. ஏறி இறங்கி இருப்பதாலேயே போலி என்று சொல்பவர்கள் தொழிற்சாலையைக் கணினி என்று நினைக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: ஒரே எண்ணில் இரண்டு 4 இருந்தால் இரண்டும் ஒரே பஞ்சால் அடித்தவையா? நடுவில் ஒரு இலக்கம் மட்டும் வேறு உயரமா? பழைய கோட்டின் வால் ஏதாவது புதிய இலக்கத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறதா? 3-ஐ 8 ஆக்குவதும் 1-ஐ 4 ஆக்குவதும் பழைய வித்தைகள்.

அழித்த எண்ணைத் தடய அறிவியல் ஆய்வகங்கள் அமிலக் கரைசலால் மீட்டெடுப்பதுண்டு. பஞ்ச் அடிக்கும்போது கோட்டுக்குக் கீழே இருக்கும் உலோகமும் நசுங்குகிறது. மேலே அழித்தாலும் அந்த நசுங்கல் கீழே மிஞ்சும், அமிலம் அதை வேறுவிதமாக அரிக்கும். எஃகுச் சட்டத்தில் இது எடுபடும், வார்ப்பிரும்பு பிளாக்கில் அவ்வளவு எளிதல்ல. வீட்டில் முயன்று பார்க்காதீர்கள், இருக்கும் தடயமும் போய்விடும்.

எண் மங்கலாக இருக்கிறது. எப்படிப் படிப்பது?

மண்ணெண்ணெயில் நனைத்த துணி, பிறகு பித்தளைக் கம்பி பிரஷ். இரும்புக் கம்பி பிரஷும் உப்புத்தாளும் வேண்டாம், கிரைண்டரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். காய்ந்ததும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு மேலாகத் துடைத்தால் குழியில் வெள்ளை தங்கி எண் தெரியும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் எடுப்பார்களே, எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கும் அச்சு, அதையும் ஒன்று எடுத்து வையுங்கள். புகைப்படத்தில் தவறும் இலக்கம் பல நேரங்களில் பென்சில் அச்சில் விழும். ஆங்கில 'ஓ'வும் சுழியமும், 'பி'யும் 8-உம், 'எஸ்'ஸும் 5-உம், 'ஜி'யும் 6-உம் ஒன்றையொன்று ஏமாற்றும்.

என்னுடையது ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும் எம்பி.

எம்பியும் ஜிபிடபிள்யூவும் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே வந்தன. உங்களுடையது இங்கே மாற்றப்பட்ட எம்பியாக இருக்கலாம், அல்லது எம்பி போல வேடமிட்ட சிஜேயாக இருக்கலாம். முகத்தில், அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கிரில்லில், ஒன்பது துளைகள் இருந்தால் போர்க்காலம், ஏழு இருந்தால் சிஜே. ஆனால் முகமும் கழற்றி மாட்டக்கூடியதுதான், மறுபடி சட்டத்தைப் பாருங்கள்.

வண்டி மகிந்திரா ஜீப். இந்தக் குறிப்புகள் பொருந்துமா?

பாதி பொருந்தும். 1947-இல் பிரித்து அடுக்கி வந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு சிஜே-3பி வகையை, அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன பின்னும், இங்கே பல ஆண்டுகள் செய்தது. ஊராட்சி ஒன்றிய அலுவலக வாசலில் நின்ற உயரமான பானெட் ஜீப் நினைவிருக்கிறதா, அந்த வகைதான். பானெட் உயர்ந்ததற்குக் காரணம் எஞ்சின். 2,199 சிசி அப்படியே இருக்க, உள்ளிழுக்கும் வால்வுகளை மட்டும் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏற்றினார்கள், எஞ்சின் வளர்ந்துவிட்டது. கார்புரேட்டர் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் அது இந்த எஞ்சின். பிளாக்கின் பக்கத்தில் இருந்தால் பழையது.

பிற்காலத்து வண்டிகளிலும் எஞ்சின் மாற்றியவற்றிலும் டீசல் எஞ்சின் இருக்கும். இண்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் எஞ்சின் ஒரு வகை. பெஜோ எக்ஸ்டிபி 4.90 மற்றொன்று, அதன் பெயரிலேயே விவரம் இருக்கிறது: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டம் 90 மில்லிமீட்டர். பெட்ரோல் ஜீப்பாகப் பதிவான வண்டியில் இவற்றில் ஒன்று இருந்தால், ஆர்சியில் அந்த மாற்றம் ஏறியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ஆர்சியில் இருக்கும் எண் வேறு, எஞ்சினில் இருக்கும் எண் வேறு. என்ன செய்வது?

முதலில் பஞ்சையும் சுத்தியலையும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஆர்சிக்குப் பொருந்தும்படி எஞ்சினில் எண் அடிப்பது குற்றம், நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்றம்தான். எஞ்சின் மாற்றம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்கீழ் வருகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்சியில் பதிவு செய்ய வேண்டும். பல நேரங்களில் மாற்றமே நடந்திருக்காது, எழுத்தர் ஒரு இலக்கத்தைத் தவறாக எழுதியிருப்பார், அல்லது மேலே சொன்னபடி வார்ப்பு எண்ணை எழுதியிருப்பார். பென்சில் அச்சும் புகைப்படமும் பழைய ஆர்சியின் நகலும் கையில் இருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் பேசுவது எளிது.

2021 ஜூலையில் வந்த விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். பதிவெண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பின் 'விஏ' வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம், சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போக முடியாது. டீசல் எஞ்சின் ஏறிய ஜீப்பை இந்தப் பதிவுக்குக் கொண்டுபோவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

பிளாக்கில் எண் இருக்க வேண்டிய தளம் சுத்தமாக வெறுமையாக இருக்கிறது. திருட்டு எஞ்சினா?

அவசியமில்லை. உதிரியாக விற்ற மாற்று பிளாக்குகள் எண் அடிக்கப்படாமல் வந்ததுண்டு. வண்டியில் ஏற்றுபவர் அடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு, பலர் அடிக்கவில்லை. தளத்தில் கடைசல் கோடுகள் சீராக இருந்தால் அது வெற்று பிளாக். கோடுகள் கலைந்திருந்தால் யாரோ அழித்தது.

சட்டம் வில்லிஸ், எஞ்சின் சிஜே, பின் ஆக்சில் வேறு எதுவோ. தேடிப் பிடித்து எல்லாவற்றையும் எம்பி ஆக்கிவிடலாமா?

உங்கள் பணம், உங்கள் ஆசை. நான் என்னுடையதில் ஜே எஞ்சினை அப்படியே விட்டுவிட்டேன். எம்பி பிளாக் ஒன்று விலைக்கு வந்தது, வார்ப்பு எண் சரியாக இருந்தது, எண் தளம் பளபளவென்றிருந்தது, திரும்பி வந்துவிட்டேன். டாஷ்போர்டிலிருந்து அந்த 1942 தகட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதன் திருகாணிகளில் இரண்டு நட்சத்திரத் தலை கொண்டவை, கடையில் நேற்று வாங்கியவை போலிருந்தன.